‘பாத்து வாங்கியிருக்கலாமே’

வட்டக்கச்சியில எங்களுக்குத் தெரிஞ்ச அக்கா ஒராள், பேஸ்புக் விளம்பரம் ஒண்டைப் பார்த்துத் தையல் மெசினுக்கு ஓடர் போட்டா. புதுத் தவணை தொடங்க முதல் நாலு பிள்ளையளுக்கு யூனிபோம் தைச்சுக் குடுத்தாலே போட்ட காசில பாதி வந்திடும் எண்டது அவவின்ர கணக்கு. படத்தில இருந்தது மேசையில வைக்கிற கரண்ட் மெசின். விலை 8,900 ரூபா. வந்த பெட்டி பெரிசு, ஆனா பாரம் இல்லை. “திறந்து பாத்திட்டுக் காசு தரட்டே தம்பி?” எண்டு கேட்டிருக்கிறா. “காசு தந்தாப் பிறகுதான் அக்கா திறக்கலாம்” எண்டிருக்கிறான் கூரியர் பெடியன். குடுத்தா. உள்ளுக்குள்ள நிறையப் பஞ்சு, நடுவில கையில பிடிச்சுத் தைக்கிற ஒரு பிளாஸ்ரிக் சாமான். அந்தப் பக்கத்துக்கு மெசேஜ் போட்டா. பதில் வரேல்ல, ஆளைப் புளொக் பண்ணிப்போட்டாங்கள்.

அதுக்குப் பிறகு நடந்ததுதான் எங்களை இதை எழுத வைச்சது. மனிசன் சொன்னார், மாமி சொன்னா, பக்கத்து வீடு சொல்லிச்சு. உண்மையைச் சொன்னா நாங்களும் சொன்னோம்: “பாத்து வாங்கியிருக்கலாமே.” அந்த அக்கா இப்ப அந்தக் கதையையே எடுக்கிறேல்ல. முறைப்பாடும் செய்யேல்ல. களவெடுத்தவன் இன்னொரு பெயரில கடை நடத்துறான், களவு குடுத்தவ வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிறா.

பார்க்க வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்ல. பார்க்க வேண்டியதை ஒழுங்காப் பாருங்கோ.

முதல், விற்கிறது ஆர்? பெயர், விலாசம், தொலைபேசி மூண்டும் இல்லாத கடையில ஒரு சதத்துக்கும் வாங்காதேங்கோ. கம்பனி எண்டு சொன்னா, கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின்ர இணையத்தளத்தில பெயரைத் தேடலாம். பேஸ்புக் பக்கம் எண்டா, அது எப்ப தொடங்கினது, முந்தி என்ன பெயரில இருந்தது எண்டதை அந்தப் பக்கத்தின்ர விபரத்திலயே பார்க்கலாம். போன மாதம் தலைமயிர் எண்ணெய் வித்த பக்கம் இந்த மாதம் தையல் மெசின் விக்குதெண்டால் யோசியுங்கோ. லைக்கையும் நல்ல கொமென்ற்றையும் காசுக்கு வாங்கலாம். இணைய முகவரிக்குப் பக்கத்தில பூட்டுப் படம் இருந்தா, நீங்கள் அனுப்புற தகவலை வழியில ஆரும் வாசிக்கேலாது எண்டு மட்டும்தான் அர்த்தம். கடைக்காரன் நேர்மையானவன் எண்டு அது சொல்லாது.

இரண்டாவது, சாமான். படத்தை நம்பாமல் அளவையும் நிறையையும் கேளுங்கோ. கையில வைச்சு ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. போன் எண்டா, *#06# அடிக்க வாற 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ எண்ணைக் காசு குடுக்க முதலே கேட்டு வாங்குங்கோ. ஐ.எம்.ஈ.ஐ எண்டு ஆங்கிலத்தில அடிச்சு, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909 க்கு குறுஞ்செய்தி அனுப்பினா, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில அது பதிஞ்ச போனோ எண்டு தெரியும்.

மூண்டாவது, காசு. டெலிவரியோட சேர்த்து மொத்தம் எவ்வளவு? பிழைச்சா எத்தினை நாளுக்குள்ள திருப்பலாம், திருப்புற செலவு ஆருக்கு? பெரிய தளங்களில வாங்கேக்க, “வட்ஸ்அப்புக்கு வாங்கோ, விலை குறைச்சுத் தாறன்” எண்டு விற்கிறவன் கூப்பிட்டால் போகாதேங்கோ. வெளியில போனா அந்தத் தளத்தின்ர பாதுகாப்பும் போயிடும். வங்கியில இருந்து வாற ஓ.ரி.பி இலக்கத்தை ஆருக்கும் சொல்லாதேங்கோ.

நாலாவது, ஆதாரம். விளம்பரத்தையும் கதைச்சதையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ. பெட்டி திறக்கிறதை வீடியோ எடுங்கோ. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, போனில இருக்கு எண்ட ஒரே காரணத்துக்காக ஒரு பதிவைச் செல்லாது எண்டு தள்ளேலாது.

சரி. இப்ப இந்தப் பட்டியலைக் கொண்டுபோய் அந்த அக்காவிட்டைக் குடுங்கோ. நிபந்தனையள் ஆங்கிலத்தில. போன் எடுத்தா மற்றப் பக்கம் சிங்களத்தில கதைக்கினம். விலாசம் போடச் சொல்லி விற்கிறவனை ஆரும் கட்டாயப்படுத்தேல்ல. பெட்டியைத் திறக்கவும் விடேல்ல. கண்ணைக் கட்டிப்போட்டு “பாத்து வாங்கு” எண்டு சொல்லுறது எந்த ஊர் நியாயம்?

“கிளிநொச்சி ரவுணுக்குப் போய் வாங்கியிருக்கலாமே” எண்டும் சிலர் கேப்பினம். பஸ் காசு, ஒரு நாள் கூலி, வீட்டில விட்டிட்டுப் போற பிள்ளை, இதெல்லாம் கணக்குப் பாத்தவைக்குத்தான் தெரியும் ஒன்லைன் ஏன் இனிக்குது எண்டு.

வன்னியில வளர்ந்த எங்களுக்கு ‘விழிப்புணர்வு’ புதுச் சொல் இல்லை. சண்டை முடிஞ்சு ஊருக்குத் திரும்பி வந்த பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடத்திலயே மிதிவெடி விழிப்புணர்வு நடந்தது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் போர்டைக் கண்டா அங்கால போகக் கூடாது எண்டு படிச்சோம். அது உயிர் காப்பாத்தின படிப்பு. ஆனா போர்டை நட்டதோட ஆரும் வேலை முடிஞ்சுதெண்டு போகேல்ல. முகமாலையில வெயிலுக்குள்ள முழங்காலில இருந்து, அடி அடியா மண்ணைக் கிளறி வெடியை எடுத்தவை. அதில எத்தினையோ பேர் எங்கட ஊர்ப் பெண்கள். காலை இழந்த ஒருத்தரைப் பார்த்து “பாத்து நடந்திருக்கலாமே” எண்டு சொல்ல எங்கட வாய் வராது. ஒன்லைன் கடை விசயத்தில மட்டும் போர்டை நட்டுப்போட்டு, வெடியை அப்பிடியே விட்டு வைச்சிருக்கிறம்.

எங்கட பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கம். பேஸ்புக் தொடங்கினது 2004 இல. ஏமாத்துற விதமா வியாபாரம் செய்யக் கூடாது எண்டு அந்தச் சட்டத்தின்ர 30 ஆம் பிரிவு சொல்லுது, கேட்டால் பற்றுச்சீட்டு குடுக்க வேணும் எண்டு 28 ஆம் பிரிவு சொல்லுது. நல்லது. ஆனா ஒன்லைன் கடைக்கெண்டு அதில தனியா ஒண்டும் இல்லை. இந்தியாவில 2020 இல கொண்டுவந்த மின்வணிக விதிகளின்படி, விற்கிறவர் பெயரையும் விலாசத்தையும் காட்ட வேணும், முறைப்பாட்டை 48 மணித்தியாலத்துக்குள்ள ஏற்றுக்கொண்டதா அறிவிக்க வேணும், ஒரு மாதத்துக்குள்ள தீர்க்க வேணும். ஐரோப்பிய ஒன்றியத்தில ஒன்லைனில வாங்கினதைப் பொதுவா 14 நாளுக்குள்ள காரணம் சொல்லாமலே திருப்பலாம்.

“கள்ளன் ஆரெண்டே தெரியாது, சட்டம் வந்து என்ன செய்யும்?” எண்டு கேக்கிறீங்களோ? தெரியும். அக்கா குடுத்த 8,900 ரூபாவைக் கூரியர் வாங்கி, தன்ர கூலியைக் கழிச்சு, மிச்சத்தை ஆரோ ஒராளின்ர கையிலயோ கணக்கிலயோதானே சேர்த்திருக்கும்? விளம்பரத்துக்கு ஆரோ பேஸ்புக்குக்குக் காசு கட்டினவன்தானே? காசு போன வழியில எல்லாருக்கும் அவனைத் தெரியும். தெரியாதவ காசு குடுத்த அக்கா மட்டும்தான்.

அதால நாங்கள் கேக்கிறது மூண்டு. வீட்டு வாசலில காசு வாங்குற ஒவ்வொரு பார்சலிலயும் விற்கிறவரின்ர உண்மைப் பெயர், விலாசம், தொலைபேசி இருக்க வேணும். காசு குடுக்க முதல் திறந்து பார்க்கிற உரிமை வேணும். நிபந்தனையும் முறைப்பாடும் தமிழிலயும் இருக்க வேணும்.

அதுவரைக்கும் எங்களுக்கும் வேலை இருக்கு. பாவனையாளர் அதிகாரசபையின்ர இலக்கம் 1977. எழுத்தில குடுக்கிற முறைப்பாட்டுக்கு, வாங்கின நாளில இருந்து மூண்டு மாதம்தான் சட்டத்தில தவணை. வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தா அந்த மூண்டு மாதமும் போயிடும். உங்கட வீட்டிலயோ ஒழுங்கையிலயோ ஆரும் ஏமாந்திருந்தா, பக்கத்தில இருந்து அந்தக் கடிதத்தை நீங்கள் எழுதிக் குடுங்கோ. பல்கலைக்கழகம் வரைக்கும் படிச்சதுக்கு இதையாவது செய்வம்.

அந்த அக்காவிட்ட நாங்கள் மன்னிப்புக் கேட்டிட்டம். கடிதமும் எழுதியாச்சு.