விசாரிச்சது போதும், கதைக்க விடுங்கோ

யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணப் பேச்சுக்கால் தொடங்கினால் முதலில் வாறது ஆள் இல்லை, தாள். வயது, நட்சத்திரம், செவ்வாய் இருக்கா இல்லையா, எந்த ஊர், என்ன படிப்பு, கனடாவில பிஆரோ சிற்றிசனோ, வீடு வளவு எவ்வளவு. தாளில் எழுதாத சாதியைத் தரகர் போனில் சொல்லுவார். மிச்சத்தை ஒரு மாமா சந்திக் கடையில் விசாரிச்சு முடிப்பார். பிறகு நல்லூர் வீதியில் இரண்டு குடும்பமும் ‘தற்செயலாக’ச் சந்திக்கும். பெடியன்ர சம்பளம் வரைக்கும் பெட்டையின்ர வீட்டுக்குத் தெரியும். அவன் எதுக்குப் பயப்பிடுவான், எதை நினைச்சு அழுதிருக்கிறான் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

இதைத்தான் பெரியாக்கள் ‘எல்லாம் தெரிஞ்சு செய்யிற கலியாணம்’ எண்டுகினம். தெரிஞ்சது எதுவும் அந்த இரண்டு பேரும் சொல்லித் தெரிஞ்சதில்லை. ஒருவரைப் பற்றி ஊர் சொல்வதும், அவரே தன்னைப் பற்றிச் சொல்வதும் ஒன்றல்ல. விருப்பம் வளர்வது இரண்டாவதில்.

இது என்ர சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1994இல் நான்சி கொலின்ஸ், லின் மில்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மனம்விட்டுச் சொல்லுறவரை மற்றவருக்குப் பிடிக்கிறது; பிடித்தவரிடம் நாங்கள் கூடச் சொல்லுறம்; சொன்ன பிறகு, கேட்டவரை எங்களுக்கு இன்னும் பிடிக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கட ஊரில் எல்லாருக்கும் பிடிக்க வேண்டிய ஆள் தரகர்தான்!

1997இல் ஆர்தர் ஆரோனும் கூட்டாளிகளும் முன்பின் தெரியாதவர்களை இரண்டு இரண்டு பேராக இருத்தி, லேசில் தொடங்கி ஆழமாகப் போகும் 36 கேள்விகளுக்கு மாறி மாறிப் பதில் சொல்ல வைத்தார்கள். 45 நிமிடத்தில், சும்மா கதைத்த சோடிகளைவிட இவர்கள் கூட நெருக்கமாக உணர்ந்தார்கள். ‘காதல் வரவைக்கும் கேள்விகள்’ எண்டு பிறகு பரவினாலும், அந்த ஆய்வு அளந்தது நெருக்கத்தை மட்டும்தான். அதில் கவனிக்க வேண்டியது இரண்டு: படிப்படியாகச் சொன்னார்கள், இரண்டு பேரும் சொன்னார்கள்.

நாங்கள் காதலிக்கிற ஆக்கள், எங்களுக்கு இது பொருந்தாது எண்டு தப்ப வேண்டாம். ‘உண்மையா விரும்புறாய் எண்டால் பாஸ்வேர்ட்டைத் தா’ என்கிறவனும் அந்த மாமாவின்ர வேலையைத்தான் செய்யிறான். கேட்டு வாங்கிறது விசாரணை. நெருக்கம் தானாகத் தாறதில் இருக்கு.

பெட்டையள் ஏன் வாய் திறக்கிறதில்லை எண்டும் கேட்க வேணும். ‘அவள் முந்தி ஒருத்தனோட கதைச்சவளாம்’ என்ற ஒரு வசனம் போதும், பேச்சுக்கால் குழம்ப. பெடியனுக்கு அதே கதை எண்டால் ‘ஆம்பிளைப் பிள்ளையள் அப்பிடித்தான்’. 2009க்குப் பிறகு ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முடித்து வெளியில் வந்தார்கள். அவர்களில் இருந்த பெண்கள் கலியாணம் எண்டு வந்தால் தங்கட இளமையையே மறைக்க வேண்டியிருந்தது. உண்மை சொன்னால் தண்டனை, அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். இந்த நிலைமையில் ‘மனம்விட்டுக் கதையுங்கோ’ எண்டு பெட்டையளுக்குப் புத்தி சொல்லுறது அநியாயம்.

ஆகவே முதலில் பெடியளுக்குச் சொல்லுறன். நீங்கள் முதலில் சொல்லுங்கோ. தோத்ததை, பயந்ததை, வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கோ. அவள் சொன்னதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து நண்பர்களின்ர குரூப்பில் போடாதேங்கோ. கோபம் வந்த அண்டைக்கு அதைத் தூக்கி அவளுக்கு எறியாதேங்கோ. சொன்னதைக் காப்பாற்றத் தெரியாதவனுக்குக் கேட்க உரிமை இல்லை.

அம்மா அப்பாமாருக்கும் ஒண்டு. நாள் வைக்க முதல் கதைக்க விடுங்கோ. பக்கத்து அறையில் மாமி காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிற பத்து நிமிசம் கணக்கில்லை. நாலைஞ்சு தரம், தனியாக. கதைச்ச பிறகு பிள்ளை ‘வேண்டாம்’ எண்டால் அதையும் கேளுங்கோ. பத்துப் பொருத்தம் பார்க்கிறியள். பதினோராவதை அவை இரண்டு பேரும் கதைச்சுப் பார்க்கட்டும்.