ஹைபாங் நகரத்துப் பெண்

2011 அக்டோபரில் டோக்கியோவில் உலக ஜிம்னாஸ்டிக் சாம்பியன் போட்டி நடந்தது. பெண்களுக்கான 'வால்ட்' பந்தயத்தில் மூன்றாவதாக வந்து வெண்கலப் பதக்கம் பெற்றவர் வியட்நாமைச் சேர்ந்த பான் தி ஹா தாங். ஜிம்னாஸ்டிக் உலகப் போட்டியில் வியட்நாம் பெற்ற முதல் பதக்கம் அதுவே. ரஷ்யாவும் அமெரிக்காவும் ருமேனியாவும் சீனாவும் பங்கு போட்டுக் கொண்டிருந்த களம் அது.

ஹா தாங் 1991-ல் ஹைபாங்கில் பிறந்தவர். நமது மூத்த தோழர்கள் அந்தத் துறைமுக நகரின் பெயரை மறந்திருக்க மாட்டார்கள். 1946 நவம்பரில் பிரெஞ்சுப் போர்க் கப்பல்கள் பீரங்கியால் சுட்டுப் பொசுக்கிய ஊர். 1972 மே மாதத்தில் நிக்சன் அதன் கடல் வாசலில் கண்ணி வெடிகளைப் போட்டு அடைத்தார். டிசம்பரில் குண்டு மாரி பொழிந்தார். யுத்தம் முடிந்தும் பழிவாங்கல் ஓயவில்லை. அமெரிக்காவின் வர்த்தகத் தடை 1994 பிப்ரவரியில்தான் நீங்கியது. அப்போது ஹா தாங்குக்கு வயது இரண்டு.

வால்ட் என்பது என்ன? வேகமாக ஓடி வந்து, வில் பலகையை மிதித்து எழும்பி, 125 சென்டிமீட்டர் உயர மேஜையில் கையூன்றி, அந்தரத்தில் கரணமடித்து உடலை முறுக்கி, இரு பாதங்களில் அசையாமல் நிற்க வேண்டும். ஓர் எட்டு வைத்தால் மார்க்கு குறையும். விழுந்தால் முழு ஒரு மார்க்கு போகும். இறுதிச் சுற்றில் இருவேறு வகைத் தாவல்கள் செய்ய வேண்டும். சில விநாடி வேலைதான். ஆனால் சிறு பிராயத்திலிருந்து தினந்தோறும் செய்தாலொழியக் கைகூடாது. தரையில் இறங்கும் கணத்தில் முழங்காலும் கணுக்காலும் வாங்குகிற அடியை, மூட்டை இறக்கும் தோழருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இதை வேலை என்றே நாம் சொல்கிறோம். பத்திரிகைகள் இதைக் கலை என்கின்றன, தேசப் பெருமை என்கின்றன. இருக்கட்டும். டோக்கியோவில் மேடையேறிய மூன்று பெண்களையும் பாருங்கள்.

வெள்ளி பெற்றவர் ஒக்சானா சுசோவிட்டினா. 1991-ல் சோவியத் அணியில் உலகப் பட்டம் வென்றவர். பின்னர் உஸ்பெகிஸ்தானுக்காக ஆடியவர். மகனுக்கு இரத்தப் புற்று நோய் வந்தது. சிகிச்சைக்காக ஜெர்மனிக்குப் போனார்; பரிசுப் பணத்தை அதற்கே செலவிட்டார்; பிற்பாடு ஜெர்மனிக்காகவே களமிறங்கினார். பிள்ளையின் மருந்துக்காகத் தாய் உடம்பை வருத்திய கதை இது. நம் வாசகர்களுக்கு அது புதிதல்ல.

தங்கம் பெற்றவர் அமெரிக்காவின் மெக்கெய்லா மரோனி. அணியின் டாக்டரே தன்னைச் சிறு வயதிலிருந்து பாலியல் கொடுமைக்கு ஆளாக்கினார் என்று 2017-ல் அவர் வெளியே சொன்னார். நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் கோர்ட்டில் சாட்சி சொன்ன பின், 2018-ல் அந்த டாக்டருக்கு நீண்ட காலச் சிறைத் தண்டனை கிடைத்தது. உலகத்திலேயே பெரும் பணக்கார நாட்டில், தங்கப் பதக்கத்தின் பின்னால் இது நடந்தது.

வியட்நாமில் எல்லாம் சரியாக இருந்தது என்று நாம் சொல்லவில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வியட்நாமின் ஜிம்னாஸ்டிக் பெண் ஒருவர் தடை செய்யப்பட்ட மருந்து உட்கொண்டார் என விலக்கப்பட்டார். மருந்தின் பெயர் பியூரோசிமைடு. உடம்பிலுள்ள நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது. தண்டனை அவருக்குக் கிடைத்தது. இந்த விளையாட்டில் இளம் பெண்களின் எடை எப்போதும் கண்காணிப்பில் இருக்கிறதே, அதற்கு யாரைத் தண்டிப்பது? 1997 முதல் பதினாறு வயதானவர்களே பெரியவர் போட்டிகளில் பங்கு பெறலாம் என்பது சர்வதேச விதி. நல்ல விதிதான். ஆனால் பயிற்சிக் கூடத்தின் கதவு ஆறு வயதுக் குழந்தைக்கும் திறந்திருக்கிறது. அங்கே எந்த விதி நடக்கிறது?

ஹா தாங் 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் ஆடினார். 2014-ல் இன்ச்சியோன் ஆசிய விளையாட்டில், பத்து சென்டிமீட்டர் அகலமே உள்ள உத்திரத்தின் மேல் ஆடி வெள்ளியும், வால்ட்டில் வெண்கலமும் பெற்றார். 2016-ல் ரியோ ஒலிம்பிக்குக்கும் போனார், பதக்கம் கிடைக்கவில்லை. பின்னர் களத்தை விட்டு விலகினார்.

பதக்கமில்லாமல் திரும்புகிற இத்தகைய பெண்களுக்கு வைத்தியம், உத்தியோகம், பயிற்சி முறையைப் பற்றிப் பேசச் சபையில் ஓர் இடம் ஆகிய மூன்றும் உரிமையாகக் கிடைக்க வேண்டும், எந்தக் கொடியின் கீழ் அவர்கள் ஆடியிருந்தாலும்.