கயிறு எங்கே இருந்தது?

என்சிங்க் குழுவின் 'நோ ஸ்ட்ரிங்ஸ் அட்டாச்ட்' ஆல்பத்தின் அட்டையில் ஐந்து இளைஞர்கள் பொம்மலாட்டப் பொம்மைகளாகத் தொங்குகிறார்கள். தலைப்போ கயிறே இல்லை என்கிறது. பேச்சு வழக்கில் அந்த ஆங்கிலத் தொடருக்கு 'நிபந்தனை ஏதுமில்லை' என்று பொருள். 2000 மார்ச் 21 அன்று அமெரிக்கக் கடைகளுக்கு வந்த இந்த ஆல்பம் முதல் வாரத்திலேயே 24 லட்சத்து 16 ஆயிரம் பிரதிகள் விற்றது. அதற்குப் பத்து மாதம் முன்பு பேக்ஸ்ட்ரீட் பாய்ஸின் 'மில்லேனியம்' படைத்திருந்த சாதனை 11 லட்சத்து 30 ஆயிரம். இரு மடங்குக்கும் மேலே போன இந்தக் கணக்கை 2015இல் அடெலின் '25' முறியடிக்கும்வரை பதினைந்து ஆண்டுகளாக வேறு எவராலும் எட்ட முடியவில்லை. ஆனாலும் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பலர் வாயில் முதலில் வருவது 'பொம்மைகள்' என்ற சொல்தான். யாரோ எழுதிய பாட்டை, யாரோ சொல்லிக்கொடுத்த ஆட்டத்தோடு, யாரோ மாட்டிவிட்ட உடையில் நின்று பாடிய பையன்கள் என்பது அந்த வசையின் விரிவு. கயிறு இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அது பாட்டில் இருந்தது என்று சொன்னவர்கள் தவறான இடத்தில் தேடினார்கள் என்பதே என் வாதம்.

இந்தப் பையன்களை ஆட்டிவைத்தவர் இசைக்கலைஞர் அல்லர். லூ பெர்ல்மேன் விளம்பர வான்கப்பல்களும் வாடகை விமானங்களும் விட்டுப் பிழைத்த வணிகர். நியூ கிட்ஸ் ஆன் த ப்ளாக் குழு அவரிடம் விமானம் வாடகைக்கு எடுத்தபோது, பதின்ம வயதுப் பாட்டுக்காரர்களிடம் இவ்வளவு காசு எங்கிருந்து வந்தது என்று வியந்துதான் அவர் இந்தத் தொழிலுக்குள் நுழைந்தார் என்பார்கள். ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் 1993இல் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் உருவானது; 1995இல் என்சிங்க். ஜஸ்டின் டிம்பர்லேக், ஜே.சி. ஷஸே, கிறிஸ் கிர்க்பாட்ரிக், ஜோயி ஃபட்டோன், லான்ஸ் பாஸ் ஆகிய ஐவரும் முதலில் ஜெர்மனியில் பேரெடுத்து, 1998இல்தான் சொந்த நாட்டுக் கடைகளுக்குள் வந்தார்கள். அவர்களுடைய முதல் ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தபோது கைக்கு வந்தது தினப்படி 35 டாலர். நீண்ட காலம் காத்திருந்தபின் ஒரு விருந்தில் பெரிய ஆரவாரத்தோடு கொடுத்த உறையைப் பிரித்தால் உள்ளே தலைக்கு 10,000 டாலர் காசோலை இருந்தது என்று லான்ஸ் பாஸ் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பெர்ல்மேன் மேலாளர், தயாரிப்பாளர் என்ற இரு பாத்திரங்களிலும் பங்கெடுத்துக்கொண்டார். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் குழுவில் அதுவும் போதாமல், குழுவின் ஆறாவது உறுப்பினர் என்று தனக்கே இன்னொரு பங்கும் ஒதுக்கிக்கொண்டார். ஒரு சுரம் பாடாத ஆறாவது குரல் அது!

1999இல் என்சிங்க் அவரையும், ஒலிப்பதிவு நிறுவனமான ஆர்சிஏவையும் விட்டு ஜைவ் ரெக்கார்ட்ஸுக்குப் போனது. பெர்ல்மேன் தரப்பும், ஆர்சிஏவின் தாய் நிறுவனமான பிஎம்ஜியும் 15 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடர்ந்தன. பணத்தைவிடக் கொடுமையான கோரிக்கை, அந்தப் பெயரையே அவர்கள் பயன்படுத்தக் கூடாது என்பது. நான்கு ஆண்டுகள் தாங்கள் பாடிச் சம்பாதித்த பெயர் தங்களுக்குச் சொந்தமில்லை என்ற நிலையில் ஐவரும் நீதிமன்றத்தில் நின்றார்கள். ஆண்டு முடியும் தறுவாயில் சமரசம் ஏற்பட்டது. மூன்று மாதத்தில் ஆல்பம் வெளியானது. அட்டையில் கயிறு, முதல் பாடலான 'பை பை பை'யின் காணொளியில் பொம்மலாட்ட மேடை என்று எல்லாம் இந்தப் பின்னணியில்தான் வந்தன. விமர்சகர்கள் எறிந்த கல்லை இவர்களே பொறுக்கி எடுத்துத் தங்கள் வீட்டு வாசலில் பதித்துக்கொண்டார்கள்.

இங்கேதான் முதல் மறுப்பு எழும். விடுதலை முழக்கமாகச் சொல்லப்படும் 'பை பை பை'யை இவர்கள் எழுதவே இல்லையே? உண்மைதான். ஸ்டாக்ஹோம் நகரின் ஷெய்ரான் ஒலிப்பதிவுக் கூடத்தைச் சேர்ந்த ஸ்வீடன்காரர்கள் எழுதியது அது. ஃபைவ் என்ற பிரிட்டிஷ் குழுவுக்கு முதலில் கொடுக்கப்பட்டு, அவர்கள் வேண்டாம் என்று தள்ளியது. பாட்டின் பொருளும் காதலியிடம் விடைபெறுவதுதான். மேலாளர், ஒப்பந்தம் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. ஆனால் இந்தத் தகவல் எனக்கு நேரெதிரான முடிவையே தருகிறது. ஒரு குழுவுக்கு வெறும் மெட்டாகத் தோன்றியது இன்னொரு குழுவின் வாயில், குறிப்பிட்ட ஒரு வழக்கு முடிந்த மறுமாதம், கோடிக்கணக்கானோர் காதில் வேறொன்றாக ஒலித்தது. பாட்டின் பொருள் எழுதுகிறவரோடு முடிந்துவிடுவதில்லை. யார், எப்போது, என்ன நிலையில் நின்று பாடுகிறார் என்பதிலும் அது பிறக்கிறது. பாடுகிறவரே எழுத வேண்டும் என்ற நிபந்தனை மேற்கத்திய ரசனையிலும் பழையதல்ல. பீட்டில்ஸுக்கும் பாப் டிலனுக்கும் பிறகு இறுகிய சட்டம் அது. சினாட்ரா தன் புகழ்பெற்ற பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதவில்லை. மோடவுன் நிறுவனத்தில் ஹாலண்ட்-டோசியர்-ஹாலண்ட் என்ற மூவர் எழுதித் தள்ளியதைத்தான் சுப்ரீம்ஸ் பாடியது. அவர்களை யாரும் பொம்மைகள் என்பதில்லை. கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் மெட்டுப்போட்டு, டி.எம்.எஸ். பாடி, சிவாஜி வாயசைத்த ஒன்றை 'இது யாருடைய பாட்டு' என்று கேட்டால் நான்கு பேரையும் சொல்லப் பழகிய தமிழ்க் காதுக்கு இந்தச் சட்டம் கொஞ்சம் விசித்திரமாகவே படும்.

ஆல்பம் முழுக்கச் சிறந்தது என்று நான் வாதாட வரவில்லை. மெதுநடைக் காதல் பாட்டுகளில் சில சர்க்கரைப் பாகு. ரிச்சர்ட் மார்க்ஸ் எழுதிய 'திஸ் ஐ ப்ராமிஸ் யூ' திருமண மண்டபத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. அதே ஷெய்ரான் கூடத்து மேக்ஸ் மார்ட்டினின் கை பட்ட 'இட்ஸ் கோனா பி மீ' வேறு ரகம். சொற்களை வெட்டி, முனை தீட்டி, தாளத்தின் மீது அறைகிறது. குழுவின் பாடல்களில் பில்போர்ட் பட்டியலின் முதலிடத்தைத் தொட்ட ஒரே பாடல் அதுதான். விமர்சகர்கள் கவனிக்கத் தவறியதாக நான் நினைப்பது வேறொன்று: முதல் ஆல்பத்தைவிட இதில் பாடகர்களின் கை அதிகம். தலைப்புப் பாடலிலும், இணையத்தின் வழியே நடக்கும் நெருக்கத்தைப் பாடும் 'டிஜிட்டல் கெட் டவுன்' பாடலிலும் எழுத்தாளர் வரிசையில் ஷஸேயின் பெயர் இருக்கிறது. டிம்பர்லேக்கும் ஒரு பாடலை இணைந்து எழுதினார். இயந்திரக் குரலும் அசட்டுத் துணிச்சலுமாக ஓடும் அந்த 'டிஜிட்டல்' பாட்டு அன்று கேலிக்கு ஆளானது. வீடுகளில் தொலைபேசிக் கம்பி வழியே இணையம் முக்கி முனகிய காலத்தில் எழுதப்பட்டது என்பதை நினைத்துக் கேட்டால், அதன் கூர்மை இன்று புலப்படும்.

பொம்மை என்ற வசையைவிடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அதை விமர்சகர்கள் போதுமான அளவு சொல்லவில்லை. இந்த இசையின் அடித்தளம் கறுப்பின அமெரிக்கர்களின் ஆர் அண்ட் பி. 'ஜஸ்ட் காட் பெய்ட்' என்ற ஜானி கெம்பின் 1988ஆம் ஆண்டுப் பாடலை மறுபடி பாடியதும், டிஎல்சி குழுவின் லிசா லோப்பஸை ஒரு பாடலுக்கு அழைத்ததும் அந்தக் கடனை ஒப்புக்கொள்வதுபோலத்தான் இருக்கின்றன. பாய் பேண்ட் என்ற அச்சே பாஸ்டனின் ராக்ஸ்பரி பகுதிப் பையன்கள் ஐவரின் நியூ எடிஷன் குழுவிலிருந்து வந்தது. அவர்களைக் கண்டெடுத்தவர் மாரிஸ் ஸ்டார்; அந்தக் குழு தன்னைவிட்டுப் பிரிந்தபின் அவர் அதே அச்சில் வெள்ளையினப் பையன்களை வைத்து வார்த்ததுதான் நியூ கிட்ஸ் ஆன் த ப்ளாக். பெர்ல்மேனின் விமானத்தில் ஏறிய அதே குழு. நியூ எடிஷன் பையன்கள் முதல் சுற்றுப்பயணம் முடித்து வீடு திரும்பியபோது தலைக்குக் கிடைத்த காசோலை 1 டாலர் 87 சென்ட். இந்தக் கதையை எங்கே தொட்டாலும் ஒரு காசோலையில் கை படுகிறது. இதைப் பார்த்த பிறகும் 'பாட்டை யார் எழுதினார்' என்பதையே முதன்மைக் கேள்வியாக வைத்திருப்பது எனக்குப் புரியவில்லை.

விற்பனைக் கணக்கைப் பற்றியும் ஒரு மறுப்பு உண்டு. அது குறுந்தகட்டுக் காலத்தின் உச்சம்; ஒரு பாட்டு பிடித்தாலும் பெரும்பாலும் முழுத் தகடையும் வாங்கித்தான் ஆக வேண்டும்; இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பகிர வைத்த நாப்ஸ்டர் அப்போதுதான் கல்லூரி விடுதிகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது; ஆகவே 24 லட்சம் என்பது இசையின் தரத்தையல்ல, சந்தையின் வடிவத்தையே காட்டுகிறது என்பார்கள். இதில் பாதியை ஏற்கிறேன். எண் எதற்கும் தரச்சான்று அல்ல. ஆனால் அதே சந்தையில், அதே ஆண்டு மே மாதம் எமினெமின் 'த மார்ஷல் மாதர்ஸ் எல்பி' முதல் வாரத்தில் 17 லட்சத்து 60 ஆயிரம் விற்றது. அந்த எண்ணை யாரும் சந்தையின் மாயம் என்று தள்ளவில்லை. ஒரு தலைமுறையின் கோபம் என்று படித்தார்கள், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி பரிந்துரையும் அதற்குக் கிடைத்தது. என்சிங்கையும் கிராமி முற்றாக ஒதுக்கவில்லை, 'பை பை பை' ஆண்டின் சிறந்த பதிவுக்கான பட்டியலில் இருந்தது. ஆனால் ஆல்பத்துக்குப் பாப் பிரிவோடு சரி. பையன்கள் வாங்கினால் கோபம், பெண்பிள்ளைகள் வாங்கினால் பித்து என்ற இந்த அளவுகோல் புதிதல்ல. 1964இல் பிரிட்டனின் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் பால் ஜான்சன், பீட்டில்ஸைக் கேட்டுக் கதறிய பெண்பிள்ளைகளின் முகங்களை வருணித்து ஏளனம் செய்தார். பீட்டில்ஸின் மேதைமையை முதலில் காதில் வாங்கியவர்கள் அவரல்ல, அந்தப் பிள்ளைகள்தான். என்சிங்க் பீட்டில்ஸ் அல்ல, அது வேறு விஷயம். இளம்பெண்களின் ரசனை எனக் கண்டதும் ஆராய்ச்சியை நிறுத்திவிடும் பழக்கத்தைத்தான் சொல்கிறேன். அந்த அலட்சியம் பெர்ல்மேன் போன்றவர்களுக்கு நல்ல மறைப்பாக இருந்தது. பொம்மை என்று ஒருமுறை முடிவுகட்டிவிட்டால் பொம்மைக்குக் கூலி என்ன என்று யார் கேட்கப் போகிறார்கள்?

மிஞ்சுவது வலுவான ஒரு மறுப்பு. ஒரு முதலாளியைவிட்டு இன்னொருவரிடம் போனதற்குப் பெயர் விடுதலையா? ஜைவ் நிறுவனத்தை நடத்திய ஜோம்பா குழுமத்தில் பிஎம்ஜிக்கு ஏற்கெனவே பங்கு இருந்தது. 2002இல் முழுக் குழுமத்தையும் சுமார் 270 கோடி டாலருக்கு பிஎம்ஜியே வாங்கிவிட்டது. வழக்குப் போட்ட நிறுவனத்தின் கூரைக்குக் கீழேயே என்சிங்கின் தகடுகள் மூன்றே ஆண்டில் திரும்பி வந்தன. கயிறு அறவே இல்லை என்று ஆல்பத்தின் தலைப்பு சொல்வது மிகைதான். ஆனால் ஒரே நிறுவனத்திடம் எந்த நிபந்தனையில் வேலை செய்கிறோம் என்பதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கிறது. தென்கொரியாவின் டிவிஎக்ஸ்க்யூ குழுவில் மூவர் 2009இல் தங்கள் 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு அந்நாட்டு நியாய வர்த்தக ஆணையம் கலைஞர் ஒப்பந்தத்தை ஏழு ஆண்டுக்குள் அடக்கும் மாதிரிப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தது. கொரியப் பாடகர்களும் தங்கள் பாட்டையெல்லாம் தாங்களே எழுதுவதில்லை. மாறியது ஒப்பந்தத்தின் ஒரு வரி. அதன் பலன் அடுத்துவந்த குழுக்களுக்கெல்லாம் கிடைத்தது. இந்த இளைஞர்கள் பணக்காரர்கள்தானே, இவர்களுக்கென்ன இரக்கம் என்று கேட்பவர்களுக்கும் இதுவே என் பதில். புகழ் இருந்ததால் என்சிங்கால் பேரம் பேச முடிந்தது. பெர்ல்மேனிடம் இருந்த, நமக்குப் பெயர்கூடத் தெரியாத சிறு குழுக்களும் அவர்மீது வழக்குத் தொடர்ந்தன. அவர்களுக்கு 24 லட்சம் என்ற எண் துணைக்கு வரவில்லை.

பெர்ல்மேன் 2007இல் இந்தோனேசியாவின் பாலித் தீவில் பிடிபட்டார். காகிதத்தில் மட்டுமே இருந்த விமான நிறுவனத்தின் பேரில் முதலீட்டாளர்களிடமும் வங்கிகளிடமும் 30 கோடி டாலருக்கு மேல் திரட்டி, புதியவர் பணத்தைப் பழையவருக்குக் கொடுத்து இருபது ஆண்டு ஓட்டியிருந்தார். 2008இல் கிடைத்தது 25 ஆண்டுச் சிறை. ஏமாந்தவர்களுக்கு மீட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு 10 லட்சம் டாலருக்கும் ஒரு மாதம் தண்டனைக் குறைப்பு என்று நீதிபதி ஒரு வாய்ப்பும் தந்தார். 2016இல் அவர் காவலிலேயே இறந்தார். பாடகர்கள் தொண்ணூறுகளின் கடைசியிலேயே நீதிமன்றத்தில் சொன்னதை வங்கிகள் கண்டுபிடிக்க இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. 2024இல் 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' படத்தின் தொடக்கக் காட்சியில் 'பை பை பை' ஒலித்து மறுபடி பட்டியல்களில் ஏறியபோது, இருபத்துநான்கு வயதான அந்தப் பாட்டோடு 'பொம்மைகள்' என்ற வசையும் சேர்ந்தே திரும்பி வந்தது. அந்தச் சொல்லைக் கையில் எடுப்பவர்கள் ஆல்பத்தின் கடைசிப் பாடல்வரை போயிருப்பார்களா என்பது என் சந்தேகம். 'ஐ தாட் ஷீ நியூ' என்ற அதில் கருவி ஒன்றுமில்லை, ஸ்வீடன் கூடத்தின் தாளப்பொறியும் இல்லை. ஐந்து குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன, பாஸின் அடிக்குரல் தரையாக.