ஓடினால் தேசத்தின் மகள். விழுந்தால் சூளைக் கூலியா?

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடியில் தங்கம் வென்றார்கள். அந்த அணியில் ஆடியவர் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. நகரத்துக் குடிசைகளைப் பெயர்த்து, ஏழைகளைக் கொண்டுபோய்க் குடியேற்றிய இடமே கண்ணகி நகர். சர்க்கார் அவருக்கு 25 லட்சம் ரூபாய் பரிசளித்தது. நல்லது, வரவேற்கிறோம்! ஆனால் கைதட்டல் ஓய்ந்த பிறகு ஏழை வீட்டு வீராங்கனையின் கதி என்ன? புதுக்கோட்டை சாந்தி சவுந்தரராஜனின் வரலாறு அதைச் சொல்லும்.

கத்தக்குறிச்சி கிராமத்தில் செங்கல் சூளைத் தொழிலாளரின் மகளாகப் பிறந்தவர் சாந்தி. தலித் குடும்பம், ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். பாட்டனார்தான் அவருக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். அரை வயிற்றுக் கஞ்சியோடு ஓடிய அந்தப் பெண் 2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் தூரத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். தேசத்தின் மகள் என்று கனவான்கள் மார்தட்டினார்கள்.

எத்தனை நாளைக்கு? பாலினப் பரிசோதனை ஒன்றில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். ஊக்க மருந்து தின்றாரா? இல்லை. யாரையாவது ஏமாற்றினாரா? இல்லை. பிறந்த உடம்போடு ஓடினார்; அதுவே குற்றமாயிற்று! மருத்துவருக்கும் அவருக்கும் இடையே இருக்க வேண்டிய விஷயம் உலகமெங்கும் பத்திரிகைச் செய்தியாயிற்று. மனமுடைந்த அவர் 2007இல் உயிரையே விட்டுவிடத் துணிந்தார், நல்லவேளையாகப் பிழைத்தார்.

“மற்றப் பெண்களுக்கு நியாயம் வேண்டாமா?” என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டும். பெண்கள் பந்தயத்துக்கு விதி வகுப்பது பற்றி விஞ்ஞானிகள் வாதிடட்டும். ஆனால் ஒரு பெண்ணின் மானத்தைச் சந்தியில் இழுத்துப் போடவும், அவள் பிழைப்பைக் கெடுக்கவும் எந்த விதி இடம் கொடுத்தது? 2009இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கும் இதே சோதனை வந்தது. அவருடைய நாடு அவர் பக்கம் நின்றது. பெர்லினில் வென்ற தங்கம் அவரிடமே இருக்கிறது. 2014இல் ஒடிசாவின் துத்தி சந்த் தடை செய்யப்பட்டபோது வழக்கு நடத்தினார்; 2015இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. சாந்திக்காக வழக்காட 2006இல் யார் முன்வந்தார்கள்? அவரை ஓட அனுப்பிய பெரிய மனிதர்கள் எங்கே போய் ஒளிந்தார்கள்?

தமிழக சர்க்கார் 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தது. பதக்கம் பறிபோன பின்னும் கொடுத்ததை மறுக்கவில்லை. ஆனால் தொழிலாளிக்கு வேண்டியது தானமா, வேலையா?

சாந்தி முடங்கிக் கிடக்கவில்லை. சொந்த மாவட்டத்தில் ஏழைப் பிள்ளைகளைத் திரட்டி ஓட்டம் கற்றுக்கொடுத்தார். 2009க்குள் 68 பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவரிடம் பயின்றவர்கள் சென்னை மாரத்தானில் முதலிடத்தையும் மூன்றாமிடத்தையும் பிடித்தார்கள். இப்படிப்பட்ட பயிற்சியாளருக்குக் கிடைத்தது என்ன? ஒப்பந்த வேலை! ஆலையில் ஆண்டுக்கணக்காகப் பதிலியாக நிற்கும் தோழனுக்கு அதன் லட்சணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. இன்று வேலை உண்டு, நாளை? கூப்பிட்டால் உண்டு.

முடிவில், 2012இல் ஆசிய வெள்ளி வென்ற கால்கள் மீண்டும் சூளைச் சேற்றில் இறங்கின. நாளொன்றுக்கு 200 ரூபாய் கூலிக்குச் செங்கல் அறுத்தார் சாந்தி! பத்திரிகைகளில் செய்தி வந்து ஊர் கேள்வி கேட்ட பிறகுதான் டில்லிக்குக் கண் திறந்தது. பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பைப் படித்துத் தேறினார். 2016இல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அவரை நிரந்தரப் பயிற்சியாளராக நியமித்தது. தோஹாவிலிருந்து அந்த உத்தரவு வர பத்து ஆண்டுகள்! ஓடிக் களைக்காத பெண்ணை அலைய விட்டுக் களைக்க வைத்தார்கள்.

வேலை கிடைத்தது, பதக்கம் திரும்பவில்லை. 2025 செப்டம்பர் முதல் பெண்கள் பிரிவில் ஓட வருகிறவர்களுக்கு மரபணுப் பரிசோதனை கட்டாயம் என்று உலகத் தடகளச் சங்கம் விதி செய்துவிட்டது. நாளை இன்னொரு கத்தக்குறிச்சிப் பெண்ணுக்கு இதே கதி நேர்ந்தால் அவள் பக்கம் நிற்க வழக்கறிஞர் உண்டா? மருத்துவர் உண்டா? சம்பளம் உண்டா? இப்போதே பதில் சொல்லுங்கள்!

நாம் கேட்பது பிச்சையல்ல. சாந்தியின் பதக்கத்துக்காக இந்திய ஒலிம்பிக் சங்கம் வாதாட வேண்டும். பரிசோதனைக்கு உள்ளாகும் வீராங்கனையின் ரகசியத்தையும் பிழைப்பையும் காக்கச் சட்டம் வேண்டும். ஓடி, ஆடி ஓய்ந்த பெண்களுக்கு நிரந்தரச் சம்பளத்தோடு பயிற்சியாளர் வேலை வேண்டும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு மாநகராட்சிப் பள்ளிகளில் மட்டுமின்றிக் கண்ணகி நகரிலும், கிராமத்துப் பள்ளிகளிலும் அவர்கள் நிற்க வேண்டும்.

ஆலைத் தோழர்களே! வயல் உழைப்பாளிகளே! ஓடுகிற கால்கள் நம் வீட்டுப் பெண்களுடையவை. அவர்கள் வெல்லும்போது மாலை போட ஆயிரம் பேர் வருவார்கள். விழும்போது தாங்க வேண்டியது நமது சங்கம்தான். உங்கள் சங்கக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புங்கள்!