கதவிடுக்கில் நுழையும் மரணம்

2020 செப்டம்பரில் சேலம் நரசோதிப்பட்டியில் ஒரு வீட்டில் பற்றிய தீ, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 5 பேரின் உயிரைப் பறித்தது. அவர்களில் 2 பேர் சிறுவர்கள். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் எரிந்ததில் சுமார் 50 பேர் இறந்தனர். அவர்களில் 7 பேர் தமிழர்கள். மங்காஃபில் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது நெருப்பு அல்ல, புகை.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் மின்கசிவு, சிலிண்டர் என்று காரணம் பேசுகிறோம். புகையைத் தடுக்க வேண்டிய கதவைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்தபோது ரமலான் மாதம். நள்ளிரவு கடந்தும் விழித்திருந்த முஸ்லிம்கள், தூங்கிக்கொண்டிருந்த அண்டை வீட்டாரை எழுப்பிவிட்ட செய்தியைப் பெருமையோடு படித்தோம். ஆனால் அந்தத் தீயால் 72 பேர் மரணித்தனர். வெளிச்சுவரில் பொருத்திய தகடுகளே தீயை மேலே கொண்டுசென்றன. வீட்டுக் கதவுகளும் கைவிட்டன. 30 நிமிடம் தாங்க வேண்டிய கதவு, காவல்துறை நடத்திய சோதனையில் சுமார் 15 நிமிடமே தாங்கியது. பல கதவுகளில் தானாக மூடும் கருவி இல்லை, அல்லது பழுதாகியிருந்தது. திறந்து கிடந்த கதவுகள் வழியே புகை நடைபாதைக்கும் படிக்கட்டுக்கும் பரவியது.

தீத்தடுப்புக் கதவு என்பது கனமான பலகை மட்டுமல்ல. கதவுக்கும் நிலைக்கும் இடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்க வேண்டும். விளிம்பில் பதித்த பட்டை சூடேறினால் உப்பி அந்த இடைவெளியை அடைக்கும். ஆனால் சூடு ஏறும் முன்பே புகை வந்துவிடும். அதைத் தடுக்கத் தனியாக ரப்பர் அல்லது தூரிகைப் பட்டை வேண்டும். கதவு தானாக மூடிக்கொள்ளவும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் கதவுதான்.

நம் ஊர் நிலை என்ன? தமிழக கட்டட விதிகள் 2019-இன்படி 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால்தான் அது உயர்மாடிக் கட்டடம். சேலத்திலும் நாமக்கல்லிலும் எழும் நான்கு, ஐந்து மாடிக் குடியிருப்புகள் பல இந்த வரம்புக்குள் அடங்கிவிடுகின்றன. உயர்மாடிக்குரிய கண்டிப்பு இவற்றுக்கு இல்லை. இருப்பது பெரும்பாலும் ஒரே படிக்கட்டு. அதன் அடியிலேயே மின் மீட்டர்களும் பைக்குகளும் நிற்கின்றன. அங்கே தீப்பிடித்தால் படிக்கட்டே புகைபோக்கியாகிவிடும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஃப்ளாட் வாங்குவோர் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்ப்பதோடு, வாசல் கதவு திடமான மரமா, அடியில் எவ்வளவு இடைவெளி என்றும் பார்க்கட்டும். கதவு தானாக மூட குளோசர் பொருத்தலாம், அடியில் ரப்பர் பட்டை ஒட்டலாம். இவற்றால் அது தீத்தடுப்புக் கதவாகிவிடாது. ஆனால் புகையைச் சற்று நேரம் நிறுத்தும். படிக்கட்டைக் காலியாக வைப்பதும், மொட்டைமாடிக் கதவை உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும்படி அமைப்பதும் குடியிருப்போர் சங்கத்தின் வேலை. மதரஸா விடுதிகளை நடத்தும் ஜமாஅத்துகளுக்கும் இதே பொறுப்பு உண்டு.

படிக்கட்டில் புகை சூழ்ந்துவிட்டால் அதற்குள் ஓடக்கூடாது. லிஃப்டிலும் ஏறக்கூடாது. கதவை மூடி, ஈரத்துணியால் இடுக்கை அடைத்து, ஜன்னலருகே நின்று 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும்.

இரவில் கதவுகளை மூடவும், தூங்கும் முன் நெருப்பை அணைக்கவும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது புகாரியில் பதிவாகியுள்ளது. பிள்ளைகள் தூங்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படுப்பது அந்த சுன்னத்தை உயிர்ப்பிக்கும் எளிய வழி. நம் முயற்சியைச் செய்துவிட்டு அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுவோம்.