சுகர் இருந்தால் வைரஸ் காய்ச்சல் உயிருக்கு ஆபத்தா? ஜீன் தரவுகள் சொல்வது என்ன?

"அவருக்கு சுகர் இருந்துச்சா?"

காஞ்சிபுரம் மாவட்டம் திருப்புட்குழி போன்ற கிராமங்கள் தொடங்கி சென்னை வரை, 2020, 2021ஆம் ஆண்டுகளில் ஒரு கொரோனா மரணச் செய்தி வந்தால் அடுத்து வந்த கேள்வி இதுதான். தமிழ்நாடு சுகாதாரத்துறை அப்போது தினமும் வெளியிட்ட அறிக்கையிலும் இறந்தவரின் வயதோடு 'இணை நோய்' என்ன என்ற விவரம் இருந்தது. அதில் திரும்பத் திரும்ப வந்த பெயர்களில் ஒன்று நீரிழிவு, அதாவது சர்க்கரை நோய்.

அந்தப் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் உண்மையில் ஆபத்தை அதிகமாக்கியது சுகரா, இல்லை சுகரோடு ஒட்டிக்கொண்டு வரும் வேறு ஏதாவதா? லட்சக்கணக்கானோரின் ஜீன் தரவுகளை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் தேடியிருக்கிறார்கள் விஞ்ஞானிகள்.

எண்கள் என்ன சொன்னது?

சர்க்கரை நோய் அடிப்படையில் ஒரு ஹார்மோன் கோளாறு. கணையத்தில் சுரக்கும் இன்சுலின் போதாமல் போனாலோ, சுரந்தும் சரியாக வேலை செய்யாவிட்டாலோ ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. ஐசிஎம்ஆர் நிதியுதவியுடன் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய ஆய்வு 2023ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல்.

கொரோனாவின் முதல் அலையில் இங்கிலாந்து மருத்துவமனைகளில் நடந்த 23,698 மரணங்களை ஆராய்ந்தபோது, மூன்றில் ஒருவர் சர்க்கரை நோயாளி எனத் தெரிந்தது. வயது உள்ளிட்ட விஷயங்களைக் கழித்துப் பார்த்தாலும், டைப் 2 சர்க்கரை நோயாளிகளுக்கு மரண வாய்ப்பு மற்றவர்களைவிட 2 மடங்கு. டைப் 1 நோயாளிகளுக்கு சுமார் மூன்றரை மடங்கு.

இதில் என்ன சிக்கல்?

குடை விற்பனை அதிகமாகும் மாதங்களில் காய்ச்சலும் அதிகமாகிறது. அதற்காகக் குடைதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று யாரும் சொல்வதில்லை. இரண்டுக்கும் பின்னால் மழை இருக்கிறது.

சுகர் விஷயத்திலும் இதே சிக்கல்தான். டைப் 2 சர்க்கரை நோய் உள்ளவர்களில் பலர் வயதானவர்கள். பலருக்கு உடல் எடை அதிகம், பிபி இருக்கிறது, கிட்னியும் பாதிக்கப்பட்டிருக்கிறது. இதில் எது ஆளைச் சாய்த்தது என்று மரண எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பிரிப்பது கஷ்டம். போதாக்குறைக்கு, கடுமையான காய்ச்சலே ரத்த சர்க்கரையை ஏற்றிவிடும். அட்மிட் ஆகும்போது சுகர் 300 இருந்தது என்றால், அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்ற குழப்பமும் வரும்.

கருவிலேயே நடக்கும் குலுக்கல்

இந்தக் குழப்பத்தை அவிழ்க்கத்தான் ஜீன் உதவுகிறது. ஒவ்வொரு ஜீனிலும் அப்பாவிடம் இருந்து ஒன்று, அம்மாவிடம் இருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் நமக்கு வருகின்றன. அவர்களிடம் உள்ள இரண்டில் எது நமக்கு வரும் என்பது குலுக்கல் சீட்டு மாதிரி. நாம் பணக்காரரா, புகை பிடிப்பவரா, எந்த ஊரில் இருக்கிறோம் என்பதெல்லாம் அந்தக் குலுக்கலுக்குத் தெரியாது. பின்னாளில் வரும் காய்ச்சலால் பிறவி ஜீன் மாறப்போவதும் இல்லை.

உதாரணத்துக்கு, எஃப்டிஓ என்ற ஜீனின் ஒரு வகையை இரண்டு பக்கமும் பெற்றவர்கள், அது இல்லாதவர்களைவிட சராசரியாக 3 கிலோ எடை கூடுதலாக இருப்பது 2007ல் கண்டுபிடிக்கப்பட்டது. டிசிஎஃப்7எல்2 என்ற ஜீனின் ஒரு வகை சர்க்கரை நோய் வாய்ப்பைக் கூட்டுகிறது. இப்படிப்பட்ட பல ஜீன் வகைகளைச் சேர்த்துப் பார்த்து, 'எடையைக் கூட்டும் ஜீன்களைக் குலுக்கலில் பெற்றவர்களுக்கு கொரோனா தீவிரமானதா? சுகரைக் கூட்டும் ஜீன்களைப் பெற்றவர்களுக்கு?' என்று தனித்தனியாகக் கேட்கலாம். பட்டாணிச் செடியில் பரம்பரை விதிகளைக் கண்டறிந்த மெண்டலின் பெயரால் இந்த முறைக்கு 'மெண்டலியன் ரேண்டமைசேஷன்' என்று பெயர்.

முடிவு என்ன?

2020 மார்ச்சில் பின்லாந்தின் ஹெல்சின்கியில் உள்ள விஞ்ஞானிகள் தொடங்கிய சர்வதேசக் கூட்டு முயற்சி, 19 நாடுகளில் 46 ஆய்வுகளின் தரவுகளை ஒன்று சேர்த்தது. கொரோனா வந்த 49,562 பேரும், ஒப்பிடுவதற்காகச் சுமார் 20 லட்சம் பேரும் அதில் இருந்தனர். 2021 ஜூலையில் 'நேச்சர்' இதழில் முடிவு வெளியானது.

அதிக உடல் எடையும் புகைப்பழக்கமும் கொரோனாவைத் தீவிரமாக்கும் காரணங்கள் என்பதற்கு ஜீன் தரவுகள் ஆதரவு தந்தன. டைப் 2 சர்க்கரை நோய்க்கு அப்படிப்பட்ட ஆதரவு கிடைக்கவில்லை.

குடைக்குப் பின்னால் மழை இருந்ததுபோல, சுகருக்குப் பின்னால் எடை இருந்திருக்கலாம் என்பதே இதன் பொருள்.

அப்போ சுகர் மாத்திரையை விட்டுடலாமா?

கூடவே கூடாது. அந்த ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. ஜீன்கள் காட்டுவது, சர்க்கரை நோய் வருவதற்கான பிறவி வாய்ப்பை மட்டும்தான். ஒருவர் மாத்திரை போடுகிறாரா, சுகர் கட்டுக்குள் இருக்கிறதா, கிட்னி எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் தனியாக வராது. கட்டுப்பாடில்லாத சுகர் நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிறது என்பது மாறாத உண்மை. ஆதரவு கிடைக்கவில்லை என்பதற்கு ஆபத்தே இல்லை என்று அர்த்தம் கிடையாது.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வரும் சுகர் மாத்திரையைத் தவறாமல் போட வேண்டும். அதோடு எடையிலும் கவனம் வேண்டும், பீடி, சிகரெட்டை விட வேண்டும் என்பதுதான் இந்த ஆய்வு கூடுதலாகச் சொல்லும் சேதி.

வைரஸால் சுகர் வருமா?

கேள்வியைத் திருப்பிப் போட்டால் ஜீன் தரவு வேறு கதை சொல்கிறது. டைப் 1 சர்க்கரை நோய் பெரும்பாலும் குழந்தைகளையும் இளைஞர்களையும் தாக்குவது. உடலின் எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் இது வருகிறது.

வைரஸ் உள்ளே நுழைந்ததும் சைரன் அடிக்கும் வேலையைச் செய்யும் ஒரு ஜீன் ஐஎஃப்ஐஎச்1. அந்தச் சைரனின் சத்தத்தைக் குறைக்கும் அரிய ஜீன் மாற்றங்கள் உள்ளவர்களுக்கு டைப் 1 வரும் வாய்ப்பு குறைவு என்று 2009ல் தெரியவந்தது. அதாவது, சில வைரஸ்களுக்கு எதிராக உடல் காட்டும் அதீத வேகமே கணையத்துக்கு வினையாக முடிகிறதோ என்ற சந்தேகம் வலுத்தது. குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 'டெடி' என்ற சர்வதேச ஆய்வும், என்டெரோவைரஸ் பி வகைத் தொற்று நீண்ட நாள் நீடித்த குழந்தைகளிடம் இந்தத் தாக்குதலின் தொடக்க அறிகுறி அதிகம் இருந்ததாக 2019ல் தெரிவித்தது. இந்த வகை வைரஸ்களுக்குத் தடுப்பூசி உருவாக்கும் முயற்சி ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறது.

ஐரோப்பிய ஜீன், காஞ்சிபுரத்து உடம்பு

இதில் முக்கியமான ஒரு குறை இருக்கிறது. இதுபோன்ற ஜீன் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களிடம் கிடைத்த பதில் நமக்கு அப்படியே பொருந்துமா?

கொரோனாவே ஒரு பாடம் தந்தது. நோயைத் தீவிரமாக்கும், நியாண்டர்தால் மனிதர்களிடம் இருந்து வந்த ஒரு டிஎன்ஏ துண்டு, ஐரோப்பாவில் சுமார் 16 சதவீதம் பேரிடமும் தெற்காசியாவில் பாதிப் பேரிடமும் இருப்பதாக 2020ல் கண்டறியப்பட்டது. அப்படியென்றால் இந்தியாவுக்குப் பேராபத்து என்று பலரும் பயந்தனர். ஆனால் ஐதராபாத் சிசிஎம்பி, பனாரஸ் இந்து பல்கலைக்கழக விஞ்ஞானிகள் நடத்திய ஆய்வு, ஐரோப்பியர்களிடம் காட்டிய அதே வேலையை அந்தத் துண்டு தெற்காசியர்களிடம் காட்டாமல் இருக்கலாம் என்றது.

எடை விஷயத்திலும் நம் கணக்கு வேறு. ஐரோப்பியர்களுக்கு பிஎம்ஐ 25ஐத் தொட்டால் 'எடை அதிகம்'. இந்தியர்களுக்கோ அந்த வரம்பு 23. ஒல்லியாகத் தெரிபவருக்கும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சுகர் வருவது இங்கே சாதாரணம். எனவே எடை, சுகர் இரண்டையும் பிரிக்கும் கணக்கை நம் ஜீன்களை வைத்துப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கான வாசல் இப்போதுதான் திறந்திருக்கிறது. நாடு முழுவதும் 83 சமூகக் குழுக்களைச் சேர்ந்த சுமார் 10 ஆயிரம் பேரின் முழு மரபணு வரிசையைப் பதிவு செய்த 'ஜீனோம் இந்தியா' தரவுகள், 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. ஆனால் குலுக்கல் கணக்குக்கு லட்சக்கணக்கானோரின் ஜீனும், அவர்களின் சுகர், எடை, நோய் விவரங்களும் சேர்ந்து வேண்டும். 10 ஆயிரம் என்பது தொடக்கம் மட்டுமே.

இது ஏன் முக்கியம்?

2021 மார்ச் 1 முதல், 45 வயதைத் தாண்டிய இணை நோயாளிகளுக்கு கொரோனா தடுப்பூசியில் முன்னுரிமை தரப்பட்டது. மத்திய அரசு வெளியிட்ட 20 நோய்கள் கொண்ட பட்டியலில், 10 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அல்லது பிற பாதிப்புகளுடன் கூடிய சர்க்கரை நோய், சிகிச்சையில் உள்ள பிபியோடு சேர்ந்து இருந்தால் என்ற நிபந்தனையுடன் இருந்தது. உடல் பருமன் தனியாக இடம்பெறவில்லை. நான்கு மாதம் கழித்து வந்த ஜீன் ஆய்வு கைகாட்டியதோ எடையை.

அடுத்த வைரஸ் வரும்போதும் இப்படி ஒரு பட்டியல் போட வேண்டியிருக்கும். ஊசியும் படுக்கையும் முதலில் யாருக்கு என்பதை அதுதான் முடிவு செய்யும். திருப்புட்குழியில் இருப்பவருக்கான வரிசையை ஐரோப்பியர்களின் ஜீனை வைத்து முடிவு செய்யாமல் இருக்க வேண்டுமென்றால், நம் மக்களின் தரவு அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.