விசாரணைக் குறிப்பும் கவிதைதான்

அரசியலில் இறங்கிய கவிஞரைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘நல்ல மனுஷி, கவிதைதான் கெட்டுப்போயிற்று’ என்று அனுதாபத்தோடு முடித்துவிடுவது விமர்சகர்கள் பலரின் வழக்கம். அமெரிக்க யூதக் கவிஞர் மூரியல் ரூகைசருக்கு (1913–1980) அந்த அனுதாபம் வேண்டியதில்லை. அவருடைய கவிதையும் சமாதானப் பணியும் ஒரே வேலைமுறையில் விளைந்தவை: கொடுமை நடந்த இடத்துக்கே போவது, ஆவணங்களைப் புரட்டுவது, பாதிக்கப்பட்டவரைப் பேசவிடுவது. 1936இல் அவர் மேற்கு வர்ஜீனியாவின் காலி பிரிட்ஜ் ஊருக்குப் போனார். அங்கே ஹாக்ஸ் நெஸ்ட் மலைச் சுரங்கத்தைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். பாறை முழுக்க சிலிக்கா. நீர் பாய்ச்சித் துளைத்தால் தூசு அடங்கும், ஆனால் வேலை தாமதமாகும். எனவே உலர்வாகவே துளைத்தார்கள். முகமூடியும் தரவில்லை. நூற்றுக்கணக்கானோர் நுரையீரல் இறுகிச் செத்தார்கள். ‘இறந்தவர்களின் புத்தகம்’ (1938) என்ற நெடுங்கவிதைக்குள் நாடாளுமன்றத் துணைக்குழுவின் விசாரணைக் குறிப்புகள், மருத்துவர்களின் சாட்சியம், நிறுவனத்தின் பங்கு விலை எல்லாம் வருகின்றன. மூன்று மகன்களைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி பேசுகிறாள். கடைக்குட்டி, தான் செத்தபின் உடலை அறுத்துப் பார்க்கச் சொல்கிறான். தூசுதான் கொன்றது என்று தெரிந்தால் அம்மாவுக்கு நஷ்டஈடு கிடைக்கலாமே என்று. அந்தத் தாயின் பேச்சுக்கு இடையிடையே பண்டைய எகிப்தியரின் மரண நூலின் குரலை ரூகைசர் கலக்கிறார். மலையூர்ப் பெண்ணின் வாக்குமூலம் காப்பியத்தின் கனத்தைப் பெற்றுவிடுகிறது. வெறும் பிரசாரம் எழுதுகிறவருக்குக் கைவரும் காரியமல்ல இது.

சம்பவத்தைப் பாடிய கவிதை சம்பவத்தோடு மடிந்துவிடும் என்பார்கள். ரூகைசரின் கவிதை அப்படி மடியவில்லை. ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கம் யூனியன் கார்பைடு நிறுவனத்துக்காகத் தோண்டப்பட்டது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த ஆலை, அதே நிறுவனத்தின் இந்தியக் கிளைக்குச் சொந்தமானது. கவிதைக்கு நடுவே பங்கு விலை எதற்கு என்று கேட்கும் உரிமை நமக்காவது இல்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் அரசின் போர்ச் செய்தி அலுவலகத்தில் சுவரொட்டி வேலை பார்த்தவர், வியட்நாம் போரை மட்டும் எதிர்த்தது முரணில்லையா? முரணில்லை என்றே நினைக்கிறோம். ஹிட்லரின் பெர்லின் ஒலிம்பிக்குக்கு மாற்றாக 1936இல் பார்சிலோனாவில் ஏற்பாடான மக்கள் ஒலிம்பிக்கைப் பற்றி எழுதப் போன அவர், ஸ்பானிய உள்நாட்டுப் போர் வெடித்ததைக் கண்ணால் கண்டவர். ஃபாசிசத்துக்கு வழிவிட்டுக் கிடைக்கும் அமைதியை அவர் அமைதியாகவே எண்ணவில்லை. யூதராக இருப்பதை ஒரு பொறுப்பாக ஏற்று அவர் எழுதி, 1944இல் நூலில் வந்த சொனெட், பின்னாளில் அமெரிக்க யூதர்களின் வழிபாட்டு நூல்களிலேயே இடம்பெற்றது. எந்தக் கொடி கொன்றாலும் அவருடைய அளவுகோல் ஒன்றுதான். 1972இல் சக கவிஞர் டெனிஸ் லெவர்டோவுடன், தம் அரசு குண்டுவீசிக்கொண்டிருந்த ஹனாய்க்குப் போனார். 1975இல், பக்கவாதத்தால் முன்பே தளர்ந்திருந்த உடம்போடு, எழுத்தாளர்களின் அமைப்பான அமெரிக்க பென்னின் தலைவராகத் தென்கொரியா சென்று, சிறைப்பட்டிருந்த கவிஞர் கிம் ஜி-ஹாவுக்காக வாதாடினார். தென்கொரியா அமெரிக்காவின் நட்பு நாடு. அதற்காக அவர் குரலைத் தணித்துக்கொள்ளவில்லை. கிம்மைப் பார்க்க அனுமதி கிடைக்காமல் சிறைவாசலில் நின்றதிலிருந்துதான் 1976இல் வெளிவந்த ‘வாயில்கள்’ தொகுப்பின் தலைப்புக் கவிதை பிறந்தது.